பெயரிடாதது 14

புதன்கிழமை புதுக் கணினி வருகிறது.
பழையது தொண்டையில் மணலோடு இருமுகிறது.
"ரன்வோ, உன் வானங்களை அள்ளி வை" என்கிறான் பார்தூர்,
வீடு காலி செய்கிறவளுக்குப் பாத்திரங்களை
நினைவூட்டுகிற மாதிரி.

முந்நூற்றுப் பதினேழு கிரேடியன்ட்கள்.
எண்ணி முடித்ததும் எனக்கே வெட்கம்.
திரையின் வலது ஓரத்தில்
துணிக்கடை மாதிரித் துண்டுகள்போல
சின்னச் சின்னச் சதுரங்கள்,
உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கின்றன.

டோர்ஸ்ஹவனில் வீடு விற்கிறோம்.
படம் எடுக்கப் போகிற நாளில்
மழை எங்களுக்கு முன்பே போய்க் காத்திருக்கும்.
ஆகவே கூரைக்கு மேலே இருக்க வேண்டியதை
நான் போடுகிறேன்:
உச்சியில் அழுத்தமாய் நீலம், நடுவில் ஓர் இளக்கம்,
அடியில் கொஞ்சம் பாலாடை.
டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்த தம்பதி
ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்,
"எல்லாம் சரி, அந்த வானம் எங்கே?"
ஹெய்னி சிரிக்காமல் சொன்னான்,
"அதற்குத் தனி விலை."

முதலில் மென்பொருளோடு வந்தவை.
குரோம், செம்பு, வானவில்,
பிரிக்காமல் பரண் ஏறிய கல்யாணப் பரிசுகள்.
ஆல்ட் விசையை அழுத்தினால்
சுட்டி கத்தரிக்கோலாகிறது.
படத்தில் தப்புச் செய்தால் பின்னால் போகலாம்.
இந்தப் பெட்டியில் மட்டும்
வெட்டியது வெட்டியதுதான்.

அடுத்து, பெயர்கள்.
'சமையலறை ஜன்னல்.'
'பல் மருத்துவரிடம் போன நாள்.'
'கிளக்ஸ்விக் அண்ணன் தம்பி சண்டை.'
'சம்பளத்துக்கு முந்தின நாள் நீலம்.'
அத்தனையும் காரணப்பெயர்.
காரணம்தான் மறந்துவிட்டது.

எப்படி அடுக்குவது?
மாதவாரியாக வைத்தேன், டிசம்பரும் ஜூலையும்
ஒரே நீலம் உடுத்தி நின்றன.
தீவுவாரியாக வைத்தேன், அதுவும் பொருந்தவில்லை.
பிறகு, சும்மாதான், விற்ற விலைப்படி.

மளமளவென்று வரிசை நேரானது.
மேலே போகப் போக நீலம் முற்றுகிறது.
கீழே, மலிவு வீடுகளின் மேல்,
நான் மேகத்தை மிச்சம் வைத்திருக்கிறேன்.
ஆறு வருஷமாக.
யாரும் சொல்லிச் செய்யவில்லை.
வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

காப்பி ஆறிவிட்டது.

வரிசையில் எங்கும் உட்காராமல் ஒன்று:
பெயரிடாதது 14.
சாம்பலில் தொடங்கிச் சாம்பலில் முடிகிறது,
நடுவில் ஐந்து சாம்பல்.
இது நான் போட்டதல்ல, எடுத்தது.
ட்வோரோய்ரியில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற ஏய்யுன்
தன் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"இந்த நீலத்தை எடுத்துவிடு.
வாங்குகிறவன் ஒருநாள் வெளியே எட்டிப் பார்ப்பானே."
அன்றைக்கு அங்கே இருந்த வானத்தை
ஏழு இடத்தில் தொட்டு உறிஞ்சினேன்.
வானத்தின் கடைசிச் சாம்பலே
கடலின் முதல் சாம்பல்,
அந்தாதிபோல.

அந்த வீடு விற்கவில்லை.
அவர் அதிலேயே இருக்கிறார்,
கதவுக்குச் சிவப்பு அடித்திருக்கிறார் என்று கேள்வி.

மலையில் இறங்குகிற மூடுபனிக்கு எங்களிடம் ஒரு சொல்,
வெறும் மூடுபனிக்கு வேறொரு சொல்.
இரண்டையும் தட்டிப் பார்த்து அழித்தேன்.
கத்தரிக்கோல் அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.
"முடிந்ததா?" என்றான் பார்தூர்.
"ம்."

மிஞ்சியவை தொண்ணூற்றாறு.
ஒரே கோப்பு, ஒரு புகைப்படத்தின் எடைகூட இல்லை.

புதன்கிழமை புதுக் கணினியில் ஏற்றினேன்.
குரோம், செம்பு, வானவில்
ஒன்றுமே நடக்காததுபோல் முன்வரிசையில்.
கோப்புறைகள் அவற்றின் பின்னால்.
எல்லாக் கோப்புறைக்கும் வெளியே, கடைசியில், 14.

பதினோரு மணிக்கு முதல் வீடு வந்தது.
மூன்று படுக்கையறை, ஒழுகும் கூரை, குறைந்த விலை.
மேலே வெள்ளையாய் வெட்டி வைத்த இடம்
என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.